நாச்சிமுத்து வகையறா

1

போன சனிக்கிழமை ஹூஸ்டனிலிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே ஒரு குழந்தையின் புகைப்படம். பிறந்து ஒன்றிரண்டு நாள் இருக்கும். ஆஸ்பத்திரித் துணியில் சுற்றப்பட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, யார்மீதோ கோபமாக இருப்பவனைப்போல இருந்தான். படத்தின் பின்பக்கம் அவன் பெயரும் ஒரு போன் நம்பரும் எழுதியிருந்தன. பெயர் வைத்தவர் அவன் அப்பா தெம்பா. அந்தப் பெயரை அந்தக் குடும்பத்துக்குள் கொண்டுபோய் விட்டவன் நான்.

இத்தனை வருஷமாக இந்தப் பத்திரிகையில் உங்களுக்கு இங்கத்திய ஃப்ரீவே, தேங்க்ஸ்கிவிங் வான்கோழி, லிவர்மோர் கோயில் புளியோதரை என்று எழுதிக்கொண்டிருந்தேன். வாசித்துவிட்டு, “நேரில் பேசுவது போலவே இருக்கிறது” என்று கார்டு போடுவீர்கள். இதுவும் பேசுவது போலத்தான் இருக்கும். கேட்கச் சுகமாக இருக்காது, அவ்வளவுதான். தெம்பாவுக்குத் தமிழ் தெரியாது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

2

தெம்பாவின் அப்பா பெயர் சிபோ. தென்னாப்பிரிக்காவில் கோசா ஜனத்தைச் சேர்ந்தவன். 1990இல் சான் ஹோசேயில் நான் வேலை பார்த்த மெஷின் ஷாப்புக்கு வந்து சேர்ந்தான். நான் ஐ.டி.ஐ. படித்த டர்னர்; லேத்தில் நிற்பேன். சிபோ இன்ஸ்பெக்‌ஷன். நான் வெட்டுவேன், அவன் அளப்பான். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடியிருந்தாலும் பீஸைத் திருப்பி என் மேஜையில் வைத்துவிட்டுப் போவான். ஒரு வார்த்தை பேச மாட்டான். அந்த வைக்கிற சத்தமே போதும்.

இரண்டு பேர் வீடும் லிவர்மோரில். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் சில நாள் ஒன்றரை மணி நேரம், மலையைத் தாண்டி ஒரே காரில் போய் வந்தோம். கார்பூல் என்பது இங்கே ஒருவிதக் கல்யாணம். ஒன்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனால், பெண்டாட்டியிடம் சொல்லாததையும் சொல்லிவிடுவோம். எங்கள் பேச்சு ஆங்கிலம்தான். என் காதில் இறங்கிய விதத்தில் தமிழில் எழுதுகிறேன்.

சிபோ வாலிபத்தில் நாட்டைவிட்டு வெளியேறியவன். அங்கிருந்த வெள்ளை அரசு இவர்கள் பகுதியைத் தனி நாடு என்று அறிவித்து, அந்தப் பெயரில் ஒரு பாஸ்போர்ட்டும் கொடுத்திருந்தது. அந்த நாட்டை உலகத்தில் வேறு யாரும் நாடாக ஏற்கவில்லை. “இமிக்ரேஷன் ஆபீசர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்துட்டு மேப்பை எடுத்தார். கொஞ்ச நேரம் தேடினார். அப்புறம் என்னைப் பார்த்து, சார், நீங்க எங்கேயும் இல்லைன்னார்” என்று சொல்லிச் சிரிப்பான். அவன் மனைவி, தெம்பா பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டாள். அப்பனும் மகனும்தான் வீட்டில்.

3

எங்களைச் சேர்த்து வைத்தது மாடு. நான் காங்கேயத்துப் பக்கம். மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று நான் நிறம் சொல்லச் சொல்ல, அவன் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு அவர்கள் பாஷையில் மாட்டு நிறங்களைச் சொன்னான். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.

அடுத்து வந்தது குலம். அவர்களில் இரண்டு பேர் புதிதாகச் சந்தித்தால் முதலில் என்ன குலம் என்றுதான் கேட்டுக்கொள்வார்களாம். நான் காரிலேயே கைதட்டினேன். நாங்கள் மட்டும் என்ன செய்கிறோம்? லிவர்மோர் கோயில் பார்க்கிங்கில் நம் பக்கத்து ஆள் ஒருவரைப் பார்த்தால், கார் கதவைச் சாத்துவதற்குள், “ஏனுங்க, நீங்க என்ன கூட்டமுங்க?” என்று கேட்டுவிட மாட்டோமா? ஒரே கூட்டம் என்றால் பங்காளி. பங்காளி வீட்டில் பெண் எடுக்கவும் மாட்டோம், கொடுக்கவும் மாட்டோம். அவர்களுக்கும் அதே சட்டம். ஒரே குலத்துப் பெண், எத்தனை தலைமுறை தள்ளியிருந்தாலும், தங்கச்சி.

அவன் குலத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நான் செய்த காரியத்துக்குப் பிறகு அதை உச்சரிக்கும் உரிமை எனக்கில்லை. வரலாற்றை மட்டும் சொல்கிறேன், அவன் சொன்னபடி.

கோசாக் குலங்களில் பெரும்பாலானவர்கள் தங்கள் முன்னோர்களை ஒருவர்பின் ஒருவராகப் பட்டியல் போட்டுச் சொல்வார்கள். கல்யாணத்தில் சொல்வார்கள், சாவில் சொல்வார்கள், யாருக்காவது நன்றி சொல்ல வேண்டுமென்றாலும் அவர் குலப்பட்டியலைச் சொல்லி நன்றி சொல்வார்கள். சிபோவின் குலத்துக்கும் பட்டியல் உண்டு. ஆனால் எட்டுத் தலைமுறைக்கு மேலே போனால் அது தண்ணீரில் நின்றுவிடும்.

அவர்கள் முதல் மனிதர் கடலிலிருந்து வந்தவர். பாறைக்கரை ஒன்றில் கப்பல் உடைந்து ஒதுங்கினார். வெள்ளைக்காரர் அல்ல. சிபோவைப்போலக் கறுப்பு, ஆனால் முடி நீளமாக, நேராக, முதுகுவரை தொங்கியதாம். பாஷை தெரியாது. அந்தக் கரையின் தலைவர் அவரைக் கொன்றுவிடச் சொல்லியிருந்தார். அந்த நேரம் தலைவரின் பசு ஒன்று கன்று போட முடியாமல் கிடந்தது. கடலிலிருந்து வந்தவர் யாரையும் கேட்காமல் போய், கையைவிட்டுக் கன்றைத் திருப்பி எடுத்தார். பசுவும் பிழைத்தது, கன்றும் பிழைத்தது, அவரும் பிழைத்தார். தலைவர் மாடு கொடுத்தார், நிலம் கொடுத்தார், பெண் கொடுத்தார். அவர் பிள்ளைகள் ஒரு குலம் ஆனார்கள்.

“மத்த குலத்துக்காரன் கல்யாணத்துல எங்களைக் கிண்டல் பண்ணுவான்” என்றான் சிபோ. “எங்க தாத்தா மலையிலிருந்து வந்தார், உங்க தாத்தா மீன்கூட வந்தார்ம்பான். நாங்களும் சிரிப்போம். ஆனா எங்கப்பா சாகும்போது கேட்டார், அந்த மனுஷன் எந்த ஊருடா, அவர் பேர் என்னடான்னு. கடைசியா அதைத்தான் கேட்டார்.”

அந்த முடியை வைத்து அவர் இந்தியாவிலிருந்து வந்திருப்பார் என்று அவர்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டாம். “உன் தலையைப் பார்த்துத்தான் முதல் நாளே கார்பூலுக்கு ஒத்துக்கிட்டேன்” என்பான். எனக்கு அப்போதே பாதி வழுக்கை.

4

ஒரு தரம் சிபோவைக் கோயில் கேன்டீனுக்குக் கூட்டிப்போய் அந்தக் கதையைச் சொல்ல வைத்தேன். ஆன்ட்டிகள் எல்லோரும் வாய் பிளந்து கேட்டார்கள். நான் பெருமையாக, “எல்லாம் ஒரே மண்ணுங்க, ஒரே ரத்தமுங்க” என்று மைக் இல்லாமலே பிரசங்கம் செய்தேன். அவன் கை கழுவப் போனதும் ஒரு அங்கிள் என் காதில், “ஏம்ப்பா, நம்மாளு எவனோ கெட்டுப்போய்க் கருப்பச்சியக் கட்டியிருக்கான், அதானே கதை?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது யோசித்தால், எல்லாம் அந்தச் சிரிப்பில் ஆரம்பித்தது என்று தோன்றுகிறது.

1997இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மகள் கவிதா எங்களை உட்கார வைத்துச் சொன்னாள். அவளும் தெம்பாவும் லிவர்மோரில் ஒரே ஹைஸ்கூல், பிறகு ஒரே காலேஜ். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள். இரண்டு அப்பாக்களும் சம்மதம் சொன்ன பிறகுதான்.

“சிபோ அங்கிள் ஆல்ரெடி ஓக்கே சொல்லிட்டார். ஹீ க்ரைட், அப்பா” என்றாள்.

என் மனைவி சரசு எழுந்து சமையலறைக்குப் போனாள். அவள் எப்போதும் சத்தம் போட மாட்டாள். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“ஏனுங்க, கருப்பன் வூட்டுக்குப் பொண்ணக் குடுத்துட்டு எங்கண்ணன் மூஞ்சில எப்படி முழிக்கறது? ஒரு காதுகுத்துக்குக் கூப்புடுவாங்களா? நீங்கதான் வாயாலயே ஊரு கட்றவராச்சே. போய்ப் பேசி முடிங்க.”

நான் கவிதாவிடம், “கண்ணு, ஊர்ல ஒத்துக்க மாட்டாங்க” என்று ஆரம்பித்தேன்.

“அப்பா, யூ ஆல்வேஸ் சே சிபோ அங்கிள் உங்க பிரதர் மாதிரின்னு. ஸோ வாட் ஹாப்பன்ட்?”

பிரதர். அந்தச் சொல்லை என் கையில் எடுத்துக் கொடுத்தது என் மகள்தான். அவளுக்கு இன்றுவரை அது தெரியாது.

5

மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள் காலை, ஃப்ரீவே சுனோல் மேட்டில் ஏறும்போது சொன்னேன்.

“சிபோ, உங்க முதல் மனுஷரைப் பத்தி எங்க ஊர்ல விசாரிக்கச் சொல்லியிருந்தேன். லெட்டர் வந்திருக்கு.”

லெட்டரும் இல்லை, விசாரிக்கவும் இல்லை.

“யாருக்கு எழுதினே?”

“எங்க குலதெய்வக் கோயில் பூசாரிக்கு. எங்க கூட்டத்துல ஒரு கதை இருக்காம். எனக்கே தெரியாது. ரொம்பக் காலத்துக்கு முன்னாடி ஒருத்தர் பாலக்காட்டுக் கணவாய் வழியா மாட்டை ஓட்டிக்கிட்டுக் கொச்சித் துறைமுகத்துக்குப் போயிருக்கார். கப்பல்காரன் மாட்டைப் பார்த்துக்க ஆள் வேணும்னு அவரையும் ஏத்திக்கிட்டான். மாட்டு வைத்தியம் தெரிஞ்சவர். கன்னு திரும்பிக் கிடந்தா கைவிட்டு எடுப்பாராம். திரும்பி வரவே இல்லை. இன்னைக்கும் கோயில்ல கிடா வெட்டினா, கடலுக்குப் போனவருக்குன்னு ஒரு இலை தனியாப் போடறாங்க.”

அந்த இலை என் கைவேலையில் சிறந்தது. ஏழு வருஷமாக அவன் சொன்ன கதையின் அளவெல்லாம் என்னிடம் இருந்தது. அந்த அளவுக்கே வெட்டினேன். ஆயிரத்தில் ஒரு பங்குக்குப் பீஸைத் திருப்பி அனுப்புகிறவன், இதை அளந்து பார்க்கவே இல்லை.

அவன் வேகத்தைக் குறைத்து ஓரத்து லேனுக்கு வந்தான். “பேர் என்ன?”

பெயரைப் பற்றி நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“நாச்சிமுத்து.”

வழியில் பள்ளத்தாக்கைப் பார்க்கக் கார்கள் நிறுத்தும் இடம் ஒன்று உண்டு. சிபோ அங்கே வண்டியை நிறுத்தினான். இறங்கித் தொப்பியைக் கழற்றினான். காய்ந்த புல்மலைகளைப் பார்த்து நின்று பட்டியலைச் சொன்னான், அப்பாவிலிருந்து ஒவ்வொருவராக மேலே. கடலிலிருந்து வந்தவர்வரை சொல்லி, வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றான். பிறகு “நாச்சிமுத்து” என்றான். மூன்று தரம் சொன்னான். சொல்லிவிட்டு, லாரிகள் போகிற ரோட்டோரத்தில், ஐம்பது வயது ஆள், மண்ணில் உட்கார்ந்து அழுதான். நான் பக்கத்தில் நின்று முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

மறுபடி கார் கிளம்பி, மேடு இறங்கி, ஃப்ரீமான்ட்டுக்கு வந்தது. மீதியை நான் சொல்லக்கூடாது, அவன்தான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

“நாம ரெண்டு பேரும் ஒரே குலம்” என்றான்.

“ஆமா.”

“உங்கள்ல ஒரே கூட்டத்துல பெண் எடுக்க மாட்டீங்க.”

“மாட்டோம்.”

“எத்தனை தலைமுறை ஆனாலும்?”

“எத்தனை ஆனாலும்.”

அவன் என் முழங்கால்மேல் கை வைத்து, “பிள்ளைகள்கிட்ட நான் சொல்றேன். நீ சொல்ல வேண்டாம். உனக்கு அது ரொம்பக் கஷ்டமா இருக்கும், அண்ணா” என்றான். என்னைவிட இரண்டு வயது இளையவன். அன்றைக்குத்தான் முதன்முதலாக அண்ணா என்று கூப்பிட்டான். அவர்கள் பாஷையில் அண்ணன் தம்பிக்குச் சொல்கிற சொல்லை எல்லாம் விட்டுவிட்டு, எப்போதோ நான் சொல்லிக் கொடுத்ததை ஞாபகம் வைத்துச் சொன்னான்.

6

தெம்பா இங்கே வளர்ந்த பையன். அப்பா சொன்னதைக் கேட்டுச் சிரித்திருக்கிறான். “எட்டுத் தலைமுறை, டாட். அப்படிப் பார்த்தா இந்தத் தெருவுல எல்லாரும் எனக்குச் சொந்தம்.” சிபோ பதிலுக்கு, “தங்கச்சியைக் கட்டிக்கிட்டா நீ எனக்குப் பிள்ளை இல்லை” என்றானாம். அடுத்த நாள் காரில் அவனே என்னிடம் சொன்னான். அந்த மாதமே தெம்பா ஹூஸ்டனில் வேலை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அதன்பின் அப்பாவுக்குப் போன் செய்யவில்லை.

கவிதா என்னிடம் நேராகக் கேட்டாள். “அப்பா, லுக் அட் மீ. இது நெஜமா?”

“எனக்குத் தெரிஞ்சதத்தான் சொன்னேன், கண்ணு.”

அவள் என்னை நம்பினாள். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தெம்பாவிடம் அவள்தான், “உங்கப்பாவை இன்சல்ட் பண்ணாதே” என்று சொல்லி முடித்துக்கொண்டாள். சன்னிவேலில் அப்பார்ட்மென்ட் எடுத்துப் போனாள். சனிக்கிழமை மட்டும் சாப்பிட வருவாள். நாங்கள் காட்டிய ஜாதகம் எதையும் திறந்துகூடப் பார்க்கவில்லை. சரசு ஊருக்குப் போன் போட்டு அண்ணனிடம் சிரித்துப் பேசினாள்.

அடுத்த வருஷம் சிபோ ஊருக்குப் போனான், இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு. திரும்பி வந்து ஒரு கேசட் கொடுத்தான். குலத்துப் பெரியவர்கள் கூடியிருக்கிறார்கள். அவனைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்கிறார்கள். மாடு ஒன்றைச் சாய்க்கிற சத்தம். பெண்கள் குலவையிடுகிறார்கள். நம் ஊர்க் குலவைதான், ஒரு வித்தியாசமும் இல்லை. பிறகு ஒரு கிழவர் பட்டியலைச் சொல்கிறார். தண்ணீர் வருகிறது. தண்ணீரைத் தாண்டி நாச்சிமுத்து வருகிறார். கூட்டம் முழுக்க அதைத் திருப்பிச் சொல்கிறது.

“இனிமே எவனும் எங்களை மீன்னு சொல்ல முடியாது” என்றான் சிபோ.

கேசட்டை ஷாப்பில் என் டூல்பாக்ஸின் அடியில் வைத்தேன். அந்தப் பெயரை அதன்பிறகு வீட்டில் நான் ஒருநாளும் சொன்னதில்லை. சரசுவுக்கு, ஏதோ பங்காளிக் கதை சொல்லிப் பேச்சை முறித்துவிட்டேன் என்றுதான் தெரியும்.

ஒவ்வொரு வருஷமும் சிபோ கேட்பான், எங்கள் கோயிலுக்குப் போகலாமா, அந்த இலைக்கு முன்னால் ஒரு தடவை உட்கார வேண்டும் என்று. வெயில் என்றேன். கோயிலில் திருப்பணி நடக்கிறது என்றேன். பூசாரி வீட்டில் துக்கம் என்றேன். 1999இல் அவனுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தபோது, எனக்கு முதலில் வந்தது என்ன நினைப்பு என்று எழுத மாட்டேன். உங்களுக்கே புரியும்.

ஆஸ்பத்திரி ஃபாரத்தில் நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்று ஒரு கட்டம். சிபோ படுத்தபடியே, “பிரதர்” என்றான். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அமெரிக்க சர்க்கார் காகிதத்தில் நாங்கள் பங்காளி ஆனோம்.

தெம்பா கடைசி இரண்டு நாளுக்கு வந்தான். கவிதா வரவில்லை. சிபோவுக்குப் பேச்சு தேய்ந்துவிட்டது. என்னைப் பார்த்து உதட்டை அசைத்தான். பட்டியல். ஒன்பது வருஷக் காரில் எனக்கு அது மனப்பாடம். சொல்ல ஆரம்பித்தேன். தெம்பா கட்டிலின் கால்மாட்டில் நின்றான். கடலிலிருந்து வந்தவர்வரை சொல்லிவிட்டு நிறுத்தினேன். நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். சிபோ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். காத்திருந்தான்.

“நாச்சிமுத்து” என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டான். மறுநாள் மத்தியானம் போய்விட்டான்.

காரிடாரில் தெம்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, “பாவோம்குலு” என்றான். அவர்களில் பெரியப்பாவைக் கூப்பிடுகிற சொல். “அப்பா அதைச் சொன்னப்போ நான் சிரிச்சேன். ரெண்டு வருஷம் பேசாம இருந்தேன். நீங்க அவர்கூட இருந்தீங்க.” அடக்கத்தன்று கவிதாவை நேருக்கு நேர் பார்த்து, “சிஸ்டர்” என்று கை நீட்டினான். அவள் அந்தக் கையைக் குலுக்கினாள். நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். சொல்லியிருக்கலாம்.

7

ஆக, போன சனிக்கிழமை. தெம்பா ஹூஸ்டனில் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்து ஒரு வருஷம் ஆகிறது. கவர் மேஜைமேல் கிடந்தது. கவிதா சாப்பிட வந்தவள் படத்தை எடுத்துப் பார்த்தாள். சிரித்தாள். திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தாள்.

“நாச்சிமுத்து? தெம்பா நேம்ட் ஹிஸ் பேபி நாச்சிமுத்து? யாருப்பா அது?”

நான் வாயைத் திறப்பதற்குள், அடுப்படியிலிருந்து சரசு திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

“நாச்சிமுத்துவா? நம்மூருச் சந்தை மாட்டுத் தரகரு பேரு கண்ணு. துண்டுக்குள்ள கையைப் புடிச்சு வெரலாலேயே பேரம் பேசுவாரே, உங்கப்பாகூட அடிக்கடி நடிச்சுக் காட்டுவாரல்ல, அவரு. போன பொங்கலுக்குக்கூட உங்க மாமங்கிட்டப் பேசினேன், நல்லாருக்காருன்னாங்க. அந்தப் பேர எதுக்கு வெச்சான் அந்தப் பையன்?”

சொல்லிக்கொண்டே சிரித்தாள். பிறகு தோசைத் திருப்பி நின்றது. தோசை தீய்கிற வாசம் வந்தது. அவள் அதைத் திருப்பவில்லை.

கவிதா படத்தை மேஜைமேல் வைத்தாள். “இதுதான் அங்கிள்கிட்ட நீங்க சொன்ன பேரா?”

என் பதில் அவளுக்குத் தேவையாக இருக்கவில்லை. என் மகள் அழவில்லை. படத்தின் பின்பக்கத்தைப் பார்த்து, ஒவ்வொரு எண்ணாக அழுத்தி, ரிங் போகிற போனை என் கையில் கொடுத்தாள்.

“சொல்லுங்கப்பா” என்றாள். தமிழில் சொன்னாள்.

எடுத்தது தெம்பா. “பாவோம்குலு” என்றான், குரலில் அத்தனை சந்தோஷம். பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. “நல்ல நேரத்துல கூப்பிட்டீங்க. இவனுக்கு இன்னும் யாரும் நம்ம பட்டியலைச் சொல்லல. அப்பா இருந்திருந்தா அவர் சொல்லியிருப்பார். குலத்துல பெரியவர் இப்ப நீங்கதான். போனை அவன் காதுல வைக்கிறேன், சொல்லுங்க.”

வைத்துவிட்டான். அழுகைக்கு நடுவே மூச்சுச் சத்தம் கேட்டது.

கவிதா கார் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, எதிரே நின்று என்னையே பார்த்தாள்.

தெம்பா பெயரிலிருந்து ஆரம்பித்தேன். அப்புறம் சிபோ. அப்புறம் சிபோவின் அப்பா. ஒவ்வொருவராக மேலே போனேன். ஐந்தாவது பெயரில் குழந்தை அழுகையை நிறுத்தியது. கடலிலிருந்து வந்தவர்வரை சொன்னேன். அங்கே நின்றேன். எல்லோரும் காத்திருந்தார்கள்.

பிறகு அந்தப் பெயரையும் சொன்னேன்.